மாதுங்கா மாதர் சங்கக் கட்டடம்: பத்திரம் யார் பேரில்?

ஜூன் 4. கேள்வி: கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஒரு தம்பி

எங்க பாட்டி, அம்மா ரெண்டு பேரும் மெம்பரா இருந்த மாதர் சங்கத்துக்கு மாதுங்காவில் ஒரு பழைய மாடிக் கட்டடம் இருக்கு. இப்போ மெம்பர்கள் ரொம்பக் கம்மி. ஹாலை சீமந்தம், அறுபதாம் கல்யாணம், புடவை எக்ஸிபிஷன்னு வாடகைக்கு விடறாங்க. சாயங்காலத்தில் நாலு மாமிகள் ரம்மி ஆடறாங்க, அவ்வளவுதான். ஒரு பில்டர் வந்து, இடிச்சுட்டுப் பெரிய டவர் கட்டறேன், கீழ சங்கத்துக்கு ஏசி ஹால் தர்றேன், மெம்பர்களுக்கும் ஆளுக்கு ஒரு தொகை தர்றேன்னு சொல்றார். கொடுத்துட்டுப் போகவேண்டியதுதானே? ரம்மி கிளப்புக்கு என்ன பெரிய சரித்திரம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூன் 4, ராத்திரி

ரம்மி ஆடினா என்ன தம்பி? இந்த ஊர் ஜிம்கானாக்களில் ஆண்கள் சீட்டாடத் தனி ரூமே இருக்கு. அதைக் காரணம் காட்டி ஜிம்கானாவை இடிக்கலாம்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"மெம்பர்களுக்கு ஆளுக்கு ஒரு தொகை" என்று எழுதியிருக்கீங்களே, அந்த வரியைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. விவரமா எழுதறேன். ஆனா முதல்ல இந்தச் சங்கமெல்லாம் எங்கேருந்து வந்ததுன்னு சொல்லிடறேன். அது தெரியாம சட்டத்தை மட்டும் பேசினா, சதுர அடிக் கணக்கோட பேச்சு முடிஞ்சு போயிடும்.

ஜூன் 5

1893ல் மகாதேவ கோவிந்த ரானடே பம்பாய் ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனார். அவரோட இங்கே குடி வந்தவர் மனைவி ரமாபாய். 1873ல் கல்யாணம் ஆனப்போ ரமாபாய்க்குப் பதினோரு வயசு, மாப்பிள்ளைக்கு முப்பதைத் தாண்டியாச்சு. எழுதப் படிக்கத் தெரியாம வந்த பெண்ணுக்குப் புருஷனே எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். கூட்டுக் குடும்பத்தில் இருந்த பெரியவங்களுக்கு அது ஆகலை. மருமகள் புஸ்தகத்தைத் தொட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு வசவு, குத்தல், சில நாள் பேச்சே கிடையாது. ஆண்களைவிட அந்த வீட்டுப் பெண்கள்தான் அதிகம் படுத்தினாங்க. நம்ம வீடுகளிலும் இது நடந்ததுதானே.

அந்த ரமாபாய் பம்பாய் வந்ததும் தொடங்கினது "இந்து லேடீஸ் சோஷியல் அண்ட் லிட்டரரி கிளப்". பேரிலேயே சோஷியலும் இருக்கு, கிளப்பும் இருக்கு. என்ன பண்ணாங்கன்னு கேட்டா, பாஷை வகுப்பு, பொது அறிவு, தையல், கைவேலை. பார்க்கச் சாதுவான பட்டியல். ஆனா அந்தக் காலத்தில் கோயில், பிறந்தகம், சுப காரியம், துக்கம் விசாரிப்பு, இந்த நாலைத் தவிர ஒரு நல்ல குடும்பத்துப் பெண் வாசப்படி தாண்ட வேற காரணம் இருந்ததா? கிளப் அஞ்சாவதா ஒரு காரணத்தைக் கொடுத்தது. "தையல் கிளாசுக்குப் போயிட்டு வரேன்"னா மாமியாரால ஒண்ணும் சொல்ல முடியாது. தையலுக்குன்னு வந்த இடத்தில் பேப்பர் படிச்சாங்க, அபிப்பிராயம் சொன்னாங்க, கணக்கு எழுதினாங்க, பத்து பேர் முன்னாடி எழுந்து நின்னு பேசக் கத்துக்கிட்டாங்க. எனக்கு இதுதான் பெரிசாப் படறது.

1901ல் ரானடே காலமானார். ரமாபாய் புனேக்குத் திரும்பிட்டார். கொஞ்ச காலம் வெளியுலகத்துக்கே வராம இருந்தவர், 1904ல் பம்பாயில் கூடின பாரத மகிளா பரிஷத்துக்குத் தலைமை வகிச்சார். 1908ல் பெஹ்ராம்ஜி மலபாரியும் தயாராம் கிடுமலும் பம்பாயில் சேவாசதன் ஆரம்பிச்சப்போ தலைமைக்குக் கூப்பிட்டதும் அவரைத்தான். மலபாரி பார்சிப் பத்திரிகைக்காரர். கிடுமல் சிந்தி, ஜட்ஜா இருந்தவர். தலைவர் மராத்திக்கார விதவை. பம்பாயில்தான் இந்தச் சேர்க்கை கூடி வரும். அடுத்த வருஷமே புனேயிலும் ஒரு சேவாசதன் வந்தது. ஆதரவில்லாத பெண்களுக்கு இருக்க இடம், படிப்பு, கைத்தொழில், நர்ஸ் வேலைக்குப் பயிற்சி. 1890களில் தையல் கிளாஸா இருந்தது பத்துப் பதினைஞ்சு வருஷத்தில் எங்கே வந்து நின்னதுன்னு பாருங்க.

காம்தேவியில் சேவாசதன் இருக்கிற தெருவுக்குப் பண்டித ரமாபாய் மார்க்னு பேர். காந்தி தங்கின மணி பவனுக்குக் கூட்டம் கூட்டமாப் போறவங்க, பக்கத்திலேயே இருக்கிற இந்த வாசலையும் ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்.

ஜூன் 5, மத்தியானம்

முலுண்ட் அக்கா கேட்டிருக்காங்க: தெருவுக்கு ரமாபாய் பேரை வெச்சது ரானடே மனைவிங்கறதாலதானேன்னு. இல்லை அக்கா, அவர் வேற ரமாபாய். ரெண்டு பேரையும் ஒருத்தர்னு நினைக்கிறவங்க ரொம்பப் பேர், அதனால இங்கேயே எழுதி வெச்சுடறேன்.

பண்டித ரமாபாய் (1858–1922) சமஸ்கிருதப் பண்டிதை. ஊர் ஊரா நடந்து புராணம் சொன்ன குடும்பம், 1870களின் பஞ்சத்தில் அப்பா அம்மாவை இழந்தவர். 1882ல் புனேயில் ஆரிய மகிளா சமாஜம் தொடங்கினது இவர். அந்தச் சமயத்தில் இவருக்குக் கைகொடுத்தவர்களில் ரானடே வீட்டாரும் உண்டு. வெளிநாடு போய் கிறிஸ்தவரா மாறி, 1889ல் பம்பாய் சௌபாட்டியில் விதவைப் பெண்களுக்காக சாரதா சதன் திறந்தார். அடுத்த வருஷம் அது புனேக்குப் போயிடுத்து.

ரமாபாய் ரானடே மேலே சொன்னவர். அம்பேத்கரின் மனைவி ரமாபாய் மூணாமவர். காட்கோபர்ல இருக்கிற ரமாபாய் நகர் அவர் பேரில்.

ஜூன் 7

ஃபோர்ட்ல ஏசியாட்டிக் லைப்ரரி இருக்கிற டவுன் ஹால் படிக்கட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்காத பம்பாய்க்காரங்க உண்டா? 1833ல் கட்டி முடிச்ச கட்டடம். முதல் உலகப் போர் முடியற சமயத்தில் லேடி மெஹர்பாய் டாட்டாவும் மத்தவங்களும் சேர்ந்து தொடங்கின பம்பாய் மாகாணப் பெண்கள் கவுன்சில், இப்போ மகாராஷ்டிர மாநிலப் பெண்கள் கவுன்சில், அதோட ஆபீஸ் அந்தக் கட்டடத்துக்குள்ளதான். டாட்டா வீட்டு மருமகள் முன்னால நின்னு நடத்தின அமைப்புக்கே ஆபீஸ் இன்னொருத்தர் கட்டடத்தில்தான். அப்படியிருக்க, ரயில்வே கிளார்க், ஸ்டெனோகிராபர் வீட்டுப் பெண்கள் மாதுங்காவில் சொந்தமா ஒரு கட்டடம் எழுப்பினாங்கன்னா அது எவ்வளவு பெரிய காரியம்!

ஜூன் 8

எங்கம்மாவும் இதே மாதிரி ஒரு சங்கத்தில் இருந்தா. தம்பி சொல்ற சங்கம் இல்லை, நாலு தெரு தள்ளி. பேர் வேண்டாம். அந்தக் கட்டடத்தில் நான் பார்த்ததைச் சொல்றேன்.

வாசல்ல கலாப்சிபிள் கேட். உள்ளே நுழைஞ்சா கறுப்பும் மஞ்சளுமா மொசைக் தரை. மேடைக்கு முன்னாடி மட்டும் கல் வழவழன்னு தேய்ஞ்சு பள்ளமா இருக்கும், கோலாட்டமும் கும்மியும் ஆடி ஆடித் தேய்ஞ்ச இடம். பின்னால சமையல்கட்டு. அதுக்கு ரெண்டு கதவு, ஒண்ணு ஹாலுக்கு, ஒண்ணு சந்துக்கு. கூட்டம் முடியறதுக்குள்ள யார் வீட்டிலேருந்தாவது ஆள் கூப்பிட வந்தா, சந்துக் கதவு வழியா அந்த அம்மாவை அனுப்பி வெச்சுடுவாங்க. முன்வாசலுக்கு வந்து, "இதோ சமையல்கட்டிலே இருந்தா, இப்போதான் கிளம்பினா"ன்னு ஒருத்தி பதில் சொல்லுவா. கட்டும்போதே யோசிச்சு ரெண்டு கதவு வெச்சாங்களான்னு அம்மாவைக் கேட்டேன். "பின்னே, கொத்தனாரா யோசிச்சிருப்பான்?"னா.

சுவர்ல நன்கொடையாளர் பலகை, வெள்ளைச் சலவைக்கல். அதில் ஒரு பெண்ணோட பேர்கூடக் கிடையாது. எல்லாம் மிஸஸ், அதுக்கப்புறம் புருஷனோட இனிஷியல், புருஷனோட பேர். அம்மாவோட சித்தி தன் வளையலைக் கழட்டிக் கொடுத்திருக்கா. கல்லில் இருக்கிறது சித்தப்பா பேர். அவருக்கு வளையல் போன விஷயமே ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

மாடியில் மர பீரோவில் மினிட்ஸ் புக். தடி அட்டை, முதுகில் சிவப்புத் துணி. அதைத் திறந்தாத்தான் அவங்க பேர் இருக்கும். கூட்டத்துக்கு வந்தவங்க அவங்கவங்க கையால போட்ட கையெழுத்து. சிலது தமிழ், சிலது கிரந்தம் கலந்த தமிழ், ரெண்டு மூணு மலையாளம், தலைவர் மட்டும் இங்கிலீஷ். ஒரு பக்கத்தில், ஹார்மோனியம் வாங்கறதா இன்னொரு தையல் மிஷின் வாங்கறதான்னு பெரிய வாக்குவாதம். ஓட்டெடுத்திருக்காங்க. மிஷின் ஜெயிச்சிருக்கு. தோத்த கட்சி அடுத்த மாசமே நவராத்திரிக் கச்சேரி போட்டு வசூல் பண்ணி ஹார்மோனியத்தையும் வாங்கிடுத்து!

தம்பி, உங்க சங்கத்திலும் கல்லைப் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க. மினிட்ஸ் புக்கைக் கேட்டு வாங்குங்க. கட்டடத்தைப் பத்தி எந்த முடிவும் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. டவர் கட்ட ஆரம்பிச்சா முதல்ல காணாம போறது பீரோதான்.

ஜூன் 9

இப்போ பத்திரம் விஷயம். நேத்து அந்தப் பலகையைப் பத்தி எழுதினதும் ராத்திரி பூரா இதுதான் மண்டையில் ஓடினது.

முப்பதுகளில் ஒரு இந்துக் குடும்பத்துப் பெண் பேரில் என்ன இருந்தது? சீதனம். நகை, பாத்திரம், புடவை. வீடு புருஷன் பேரில், அவருக்கப்புறம் பிள்ளை பேரில். 1937ல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தப்போதான் விதவைக்குப் பிள்ளைக்குச் சமமா ஒரு பங்கு கிடைச்சது. அதுவும் அவள் ஆயுசு வரைக்கும் அனுபவிக்கலாமே தவிர இஷ்டப்படி விக்க முடியாது. முழு உரிமை 1956 வாரிசுரிமைச் சட்டத்தில்தான் வந்தது. பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்குங்கறதை தமிழ்நாடு 1989லயும், மகாராஷ்டிரம் 1994லயும், நாடு முழுக்க 2005லயும் கொடுத்தாங்க.

அதே காலத்தில் 1860ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டம் என்ன சொன்னதுன்னா, ஏதாவது நல்ல நோக்கத்துக்காக ஏழு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டா ஒரு சங்கத்தைப் பதிவு பண்ணலாம். ஏழு ஆண்கள்னு அதில் எங்கேயும் இல்லை. டிரஸ்டிகள்னு தனியா யாரும் இல்லாட்டா, சங்கத்தோட சொத்து நிர்வாகக் குழு வசம் இருக்கிறதாவே சட்டம் எடுத்துக்கும். இதை ரெண்டு தடவை படிங்க. தன் வீட்டுத் திண்ணைக்குக்கூடச் சொந்தக்காரியா இல்லாத ஒருத்தி, சங்கத்துக் கமிட்டியில் இருந்தா பம்பாய் நகரத்தில் ஒரு மனைக்கும் மாடிக் கட்டடத்துக்கும் பொறுப்பாளி. வரி கட்டினாள், வெள்ளையடிக்க டெண்டர் வாங்கினாள், வாடகை பாக்கி வெச்சவனுக்கு நோட்டீஸ் அனுப்பினாள். தனி மனுஷியா அவளுக்குக் கிடைக்காதது ஏழு பேரா சேர்ந்தப்போ கிடைச்சது.

நான் அந்தக் கட்டடத்தைக் கொடுக்காதீங்கன்னு சொல்றதுக்கு இதுதான் காரணம். பர்மா தேக்கு, மொசைக், வளைவு பால்கனி எல்லாம் மாதுங்காவில் வேற கட்டடத்திலும் பார்க்கலாம். இந்த ஊர்த் தமிழ்ப் பெண்கள் தங்கள் கையெழுத்தில் சம்பாதிச்சு வெச்ச நிலம் எவ்வளவு இருக்கு? விரல் விட்டு எண்ணிடலாம்.

ஜூன் 9, ராத்திரி

ஒருத்தர் எழுதியிருக்கார், "ஆனா புருஷன்மார் பணம்தானே" என்று. வளையல் யாரோடது சார்? அரிசி, பருப்பில் மிச்சம் பிடிச்ச காலணா யாரோடது? அப்பளம் இட்டு வித்த காசு யாரோடது?

ஜூன் 11

தாராவி 90 அடி ரோட்டிலிருந்து ஒரு தோழர் எழுதின நீளமான பதிலை எல்லாரும் படிங்க. சுருக்கமா, "உங்க சங்கங்களில் எங்க வீட்டுப் பெண்களுக்கு இடம் இருந்ததா? ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த திருநெல்வேலிப் பெண்களும் தமிழ்ப் பெண்கள்தானே?"

இடம் இருக்கலை. சங்கத்துக்கு வந்து பாத்திரம் தேய்ச்சவங்களுக்கு மினிட்ஸ் புக்கில் கையெழுத்து கிடையாது. மெம்பர்ஷிப் படிவத்தில் ஜாதி கேட்கலைன்னாலும், ரெண்டு மெம்பர் சிபாரிசு வேணும்னு ஒரு விதி போதுமே வாசலை அடைக்க. ரானடே அம்மையார் கிளப் பேரிலேயே இந்து இருந்தது, வந்தவங்களும் பெரும்பாலும் படிச்ச, மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்கள். நான் முந்தாநாள் எழுதின "ஏழு பேர்" கதை உண்மைதான். அந்த ஏழு பேர் யாரை உட்கார வெச்சாங்க, யாரை நிக்க வெச்சாங்கங்கறதும் உண்மை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை.

வேற மாதிரி சேர்ந்தவங்களும் இந்த ஊரில் உண்டு. 1959 மார்ச் 15, கிர்காவ்ல ஒரு கட்டடத்து மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பிச்சாங்க. அதுதான் லிஜ்ஜத். அங்கே அப்பளம் இடறவங்களே பங்குதாரர். 1975ல் பிரேமா புரவ் தொடங்கின அன்னபூர்ணா மகிளா மண்டல், மில் தொழிலாளிகளுக்குச் சோறு போட்ட கானாவளிப் பெண்களோடது. கந்துவட்டிக்காரன்கிட்ட சிக்கித் தவிச்சவங்களுக்கு பேங்க் கடன் வாங்கிக் கொடுத்து அப்புறம் பெரிசா வளர்ந்தது. அங்கே யாரும் சிபாரிசுக் கடிதம் கேட்கலை, வேலை செஞ்சவங்கதான் மெம்பர்.

அதனால என் யோசனை இதுதான். கட்டடத்தை வெச்சுக்கணும், வாசலை அகலப்படுத்தணும். மெம்பர்கள் குறைஞ்சு போச்சுன்னு தம்பி கவலைப்படறாரே, சயன் கோலிவாடாவிலும் தாராவியிலும் ஒரு ஹாலுக்காக அலையற பெண்கள் குழுக்கள் எத்தனை! பகல் பூரா பூட்டிக் கிடக்கிற ஹால் அது. சுய உதவிக் குழுக் கூட்டம், பத்தாவது டியூஷன், நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு கோச்சிங், எது வேணும்னாலும் நடத்தலாம். அவங்களை வாடகைதாரரா சேர்க்காதீங்க, மெம்பரா சேருங்க. அடுத்த தேர்தலில் அவங்களே கமிட்டிக்கு நிக்கட்டும்.

தோழர், உங்க பதிலுக்கு நன்றி. இப்படிக் கேட்க ஆள் வேணும்.

ஜூன் 12

இது கொஞ்சம் வெளியே போற விஷயம், பிடிக்காதவங்க தாண்டிப் போயிடுங்க. 1868ல் சார்லஸ் டிக்கன்ஸ் நியூயார்க் வந்தப்போ பத்திரிகையாளர் கிளப் விருந்து வெச்சது. ஜேன் கன்னிங்ஹாம் குரோலின்னு ஒரு பெண் பத்திரிகையாளர் டிக்கெட் கேட்டார். பெண் என்பதால் அவருக்குச் சரியா மரியாதை கிடைக்கலை. அதே வருஷம் அவங்க பெண்களுக்குன்னு சொரோசிஸ்னு கிளப் தொடங்கினாங்க. நாற்பது வருஷம் முன்னாடிவரைக்கும் நம்ம ஊர்ப் பெரிய கிளப்களில் கல்யாணம் ஆகாத பெண்ணோ விதவையோ மெம்பரா சேர என்ன பாடு பட்டாங்கன்னு வயசானவங்களைக் கேளுங்க. புருஷன் மெம்பரா இருந்தா கூடப் போகலாம், அவர் போனதும் வாசல் மூடிடும். அப்படி மூடின வாசலுக்கு வெளியே நின்ன ஒரு பெரியம்மாவை எனக்கே தெரியும். எங்க அம்மா சங்கத்தில் அவங்க கடைசி வரை பொருளாளர்.

ஜூன் 14

தம்பி கேட்ட நேரடிக் கேள்விக்கு வரேன். நான் வக்கீல் இல்லை. ஆபீஸ் வேலையில் டிரஸ்ட் பேப்பர் நிறையப் பார்த்திருக்கேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நல்ல வக்கீலைப் பாருங்க, பில்டர் அனுப்பற வக்கீலை வேண்டாம்.

முதல்ல அந்த "ஆளுக்கு ஒரு தொகை". சங்கப் பதிவுச் சட்டப்படி, சங்கத்தைக் கலைக்கணும்னாலே அஞ்சில் மூணு பங்கு மெம்பர்கள் சம்மதம் வேணும். கலைச்சு, கடனெல்லாம் அடைச்சு மீதி இருக்கிற சொத்தை மெம்பர்கள் பங்கு போட்டுக்க முடியாது. வேற ஒரு சங்கத்துக்குத்தான் போகணும். சங்கம் உயிரோட இருக்கும்போதே கட்டடத்துக்கு ஈடா மெம்பர் கைக்குச் செக் வருதுன்னா, அந்தச் செக்கை வாங்கினவங்கதான் நாளைக்குப் பதில் சொல்லணும்.

அடுத்தது, மகாராஷ்டிரத்தில் இந்த மாதிரி சங்கமெல்லாம் 1950ஆம் வருஷத்துப் பொது அறக்கட்டளைச் சட்டத்திலும் பதிவாகியிருக்கும். அதில் 36ஆம் பிரிவு. டிரஸ்டோட நிலம், கட்டடத்தை விக்கணும், மாத்திக்கணும், தானம் கொடுக்கணும், மூணு வருஷத்துக்கு மேல லீசுக்கு விடணும்னா சாரிட்டி கமிஷனரோட (டிரஸ்டுகளை மேற்பார்வை பண்ற அரசாங்க அதிகாரி) முன் அனுமதி வேணும். அது இல்லாம போட்ட ஒப்பந்தம் செல்லாது. கமிட்டி பூரா ஒரே மனசா கைதூக்கினாலும் செல்லாது. அனுமதி கேட்கும்போது, இது டிரஸ்டுக்கு எந்த விதத்தில் நல்லதுன்னு காரணம் காட்டணும். ஆட்சேபம் இருக்கிறவங்க அங்கே போய்ச் சொல்லலாம்.

அதனால நீங்க எடுக்க வேண்டிய பேப்பர்: பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள், சாரிட்டி கமிஷனர் ஆபீஸில் இருக்கிற ஷெட்யூல் ஒன்று நகல். அந்த ஷெட்யூலில் சொத்து என்ன, டிரஸ்டி யார் யார்னு இருக்கும். இறந்து போனவங்க பேரே இன்னும் ஓடிக்கிட்டு இருந்தா, மாற்ற அறிக்கை கொடுத்து முதல்ல அதைச் சரி பண்ணணும். இல்லைன்னா யாருக்கு அதிகாரம்னே கேள்வி வந்துடும். கூடவே பிராபர்ட்டி கார்டு, அதாவது மனை யார் பேரில் இருக்குன்னு காட்டற அரசாங்கப் பதிவு.

பிராபர்ட்டி கார்டு ஏன்னா, தாதர், மாதுங்கா பகுதியை மனை பிரிச்சதே பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். 1896 பிளேக்குக்கு அப்புறம், 1898ல் வந்த அமைப்பு. அவங்க கொடுத்த மனைகள் பலதும் குத்தகை. 1933ல் அந்த டிரஸ்ட் மாநகராட்சியோட சேர்ந்துடுத்து. உங்க மனையும் அந்த வகைன்னா மாநகராட்சிதான் நிலச் சொந்தக்காரர், அவங்க சம்மதம் இல்லாம பில்டர் வாக்குறுதிக்கு மதிப்பே கிடையாது.

பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கான்னும் பாருங்க. 1995லிருந்து மும்பைக்கு அதுக்குத் தனி விதிகள் உண்டு, கிரேடு 1, 2ஏ, 2பி, 3 என்று. கிரேடு 3ன்னா தொடவே கூடாதுன்னு அர்த்தம் இல்லை, ஆனா கேள்வி கேட்க ஒரு இடம் கிடைக்கும். பட்டியலில் இல்லைன்னாலும் சோர்ந்து போகாதீங்க. 36ஆம் பிரிவு அதைவிட பலமான பூட்டு.

ஜூன் 15

"பூட்டு போட்டுட்டா கூரை ஒழுகறதுக்கு யார் பணம் தருவா?" என்று செம்பூரிலிருந்து ஒரு மாமி. நியாயமான கேள்வி. மழைக்காலம் வேற வந்தாச்சு. மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங்கும் கம்பி தெரியற பீம்களும்தான் அவசரம், பெயின்ட் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். முதல்ல ஸ்ட்ரக்சுரல் ஆடிட் எடுங்க. பில்டர் கொண்டு வர்ற ரிப்போர்ட்டில் கட்டடம் நாளைக்கே விழறாப்பல இருக்கும், அதனால சங்கமே எஞ்சினீயரை வெச்சு எடுக்கணும். ஹால் வாடகையையும் பாருங்க. மாதுங்காவில் இன்னிக்கு ஒரு ஏசி இல்லாத ஹாலுக்கு என்ன வாங்கறாங்கன்னு விசாரிச்சா, உங்க கமிட்டி பழைய ரேட்டிலேயே கொடுத்துட்டு இருக்கிறது தெரியும். கல்யாண வீட்டுக்கு ஒரு ரேட், பெண்கள் குழுவுக்கு ஒரு ரேட்னு பிரிச்சு வெச்சாலே ரிப்பேர் நிதி ஓடும்.

இன்னொண்ணு. மாதுங்கா மத்திய ரயில்வே ஸ்டேஷனை 2017லிருந்து முழுக்கப் பெண்களே நடத்தறாங்க, ஸ்டேஷன் மேனேஜரிலேருந்து டிக்கெட் கவுன்டர் வரைக்கும். ஒரு ஸ்டேஷனையே நடத்தற ஊரில் ஒரு கட்டடத்து மொட்டை மாடியைச் சரி பண்ண முடியாதா?

ஜூன் 22

நேத்துப் பொதுக்குழு. தம்பி தன் அம்மாவோட என்னையும் பார்வையாளரா கூட்டிட்டுப் போனார். ஓட்டுப் போடற உரிமை எனக்கு இல்லை, பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பில்டர் தரப்பில் வண்ண வண்ணமா படம் காட்டினாங்க. தரைத்தளத்தில் கார் பார்க்கிங், சங்கத்து ஹால் மூணாவது மாடியில்! கீழேன்னு சொன்னது எங்கே போச்சுன்னு தம்பியோட அம்மா கேட்டா. அப்புறம் எண்பதைத் தாண்டின ஒரு மாமி எழுந்து, "லிஃப்ட் நின்னா நான் எப்படி வரது?"ன்னா. பதில் இல்லை. 36ஆம் பிரிவு அனுமதி யார் வாங்கறதுன்னு கேட்டதுக்கு, "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் மேடம்". அந்த ஒரு வாக்கியத்தில் ஹாலோட மனசே மாறிடுத்து. நாற்பது வருஷமா சொந்தமாக் கணக்கு எழுதினவங்ககிட்ட அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

தீர்மானம் ஒத்திவெப்பு. ரிப்பேர் கமிட்டி ஒண்ணு போட்டிருக்காங்க. மெம்பர்ஷிப் விதியில் அந்த ரெண்டு பேர் சிபாரிசை எடுக்கணும்னு தம்பியோட அம்மாவே முன்மொழிஞ்சா. அது அடுத்த கூட்டத்துக்குப் போயிருக்கு, எதிர்ப்பும் இருக்கு. தாராவித் தோழர் சொன்ன குழுவிலிருந்து ரெண்டு பேர் அந்தக் கூட்டத்துக்கு வந்து நேர்ல பேசறதுக்குச் செயலாளர் ஒத்துக்கிட்டார். மினிட்ஸ் புக் கிடைச்சது, மூணு வால்யூம். முதல் வால்யூமில் தம்பியோட பாட்டி கையெழுத்து இருக்கு, வெறும் அவங்க பேர், முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணும் இல்லாம.

அடுத்த வேலை ஷெட்யூல் ஒன்று நகல். சாரிட்டி கமிஷனர் ஆபீஸ் வொர்லியில், டாக்டர் அன்னி பெசன்ட் ரோட்டில் சாஸ்மிரா பக்கம். 1917ல் அடையாறில் தொடங்கின இந்தியப் பெண்கள் சங்கத்துக்கு முதல் தலைவரா இருந்தாரே, அதே பெசன்ட்தான். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வாசல்ல இருப்பேன். வரவங்க பதிவுச் சான்றிதழ் நகலும் ஆதார் நகலும் எடுத்துட்டு வாங்க. விண்ணப்பத்தில் சங்கத்துப் பதிவு எண்ணைத் தப்பில்லாம எழுதணும், செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் இன்னிக்கே வாங்கி வெச்சுடுங்க.